ஹாப்சன் பால் பஞ்ச்

பாரின் மதுப் பட்டியலில் ‘ஹாப்சன் பால் பஞ்ச்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. ஒடெல்லா அதை இரண்டு முறை படித்துவிட்டு போட்டி மேசைக்கு எதிரே முதல் வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

பிரிட்ஜ் இல்லாத காலத்தில் இங்கிலாந்தில் பிராந்தியில் செய்த பானம் அது. மதுவையும் எலுமிச்சைச் சாற்றையும் பாலில் ஊற்றினால் பால் திரியும்; வடிகட்டி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. பிராந்தியை எடுத்துவிட்டு பர்பன் விஸ்கி ஊற்றி, தேநீரும் கிராம்பும் சேர்த்து, அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் இதே பாரின் பின்னறையில் அதற்குப் புது ருசி கொடுத்தவள் ஒடெல்லா. இரண்டு வருட உழைப்பு. முதலாளி ஹாப்சன் அவள் அளவுகளை எழுதி வைத்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார். அவள் நிரப்பி வைத்த பாட்டில்களையே நான்கு மாதம் தன் பெயரில் விற்றார். கெடாத சரக்கு என்பதால் ஒரு தடவைகூட அவர் செய்து பார்க்க நேரவில்லை.

இன்று குதிரைப் பந்தய வாரத்தை ஒட்டி நடக்கும் மதுபானப் போட்டி. ஹாப்சன் நீட்டிய பாட்டிலைப் பார்த்து நடுவர் வெர்லீன் அம்மாள் வேண்டாமென்று தலையாட்டினார். “பாட்டில்ல இருக்கறது வேணாம் ஹாப்சன். என் கண்ணு முன்னாடி செய்ங்க.”

ஹாப்சன் ஒடெல்லாவைப் பார்த்து இளித்தார். “என்னம்மா, தொழில் கத்துக்க வந்தியா?”

“ஆமாங்க. நீங்க கண்டுபிடிச்சதாச்சே!”

அளவெல்லாம் நோட்டில் இருந்தபடியே போட்டார். பால் திரிந்தது. மெல்லிய துணியில் ஊற்றினார். முதலில் வடிவது எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும். துணியில் தங்கிய திப்பியின் மேலேயே அதை மறுபடி மெதுவாக ஊற்ற வேண்டும். உண்மையான வடிகட்டி துணியல்ல, அந்தத் திப்பிதான். அதன் வழியாகத்தான் சொட்டுச் சொட்டாகத் தெளிந்து இறங்கும். கைப்பழக்கமாகிவிட்டதால் ஒடெல்லா இதை எழுதி வைத்ததே இல்லை.

ஹாப்சன் திப்பியைக் குப்பைக் கூடையில் உதறினார்.

ஒடெல்லா அந்தக் கூடையையே பார்த்தாள். நெஞ்சு குளுகுளுவென்றிருந்தது.

வேறு துணியில் வடித்தார், கலங்கல். காப்பி வடிகட்டும் தாளில் வடித்தார், அப்போதும் கலங்கல்.

“என்னய்யா இது, சோப்புத் தண்ணியா?” என்றார் வெர்லீன். யாரோ சிரித்தார்கள்.

ஹாப்சன் ஒடெல்லாவின் காதருகே குனிந்தார். “தாயே, மானத்தைக் காப்பாத்து. என்ன செய்யணும்?”

“இது யாரோட பஞ்ச்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “இவளோடது. நான்தான் எடுத்துக்கிட்டேன்.”

வெர்லீன் தன் தாளில் ஹாப்சனின் பெயரைக் கோடு போட்டு அடித்தார்.

“இப்பவாவது சொல்லு!” என்றார் ஹாப்சன்.

“இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க. திப்பியைக் கொட்டினப்பவே எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“அதைப் பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தே?”

“ஆமா,” என்றாள் ஒடெல்லா. “கண்ணைக்கூடச் சிமிட்டாம பார்த்துக்கிட்டு இருந்தேன்.”