நாமக்கல் பஸ் நிற்கிற இடம்

"பின்பக்கமாத் தூக்கிட்டுப் போங்கப்பா, மேடைக்கு முன்னால வேண்டாம்!" என்று ஓவர்சியர் குமாரசாமி கையை ஆட்டினார். செத்துப்போன கந்தனைத் தூக்கியிருந்த ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவன் பெண்டாட்டி உண்ணாமலை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கடா தூக்கிட்டுப் போறீங்க என்ற ஊட்டுக்காரர?"

"சுடுகாட்டுக்குத்தான் அக்கா" என்றான் ரங்கன். கூட ஆடியவன் அவன். அழுது மூஞ்சி வீங்கியிருந்தது.

"வாசல்ல கெடத்தாம, குளிப்பாட்டாம, நேரா சுடுகாட்டுக்கா? அவரென்ன அனாதப் பொணமா?"

வாசல் என்று ஒன்று இருந்தால்தானே கிடத்த! போன வருசம் இந்தப் புது பஸ் ஸ்டாண்டுக்காகக் குடிசைகளைப் பிரித்தெறிந்ததிலிருந்து அவர்கள் ஏரிக்கரையில் சாக்குப் படுதாவுக்குள் கிடந்தார்கள்.

அந்த பஸ் ஸ்டாண்டுத் திறப்பு விழாவுக்குத்தான் இந்த ஆட்டம். சுவாமிநாதன் வாத்தியார் அதற்கு 'ஊரும் மக்களும்' என்று பேர் வைத்திருந்தார். ஒருத்தன் கல்லுடைக்கணும், ஒருத்தன் ரோடு போடணும், ஒருத்தன் பஸ் ஓட்டணும். கந்தன் குடிசையைப் பிரிக்கணும். "சிரிச்சுக்கிட்டே பிரி கந்தா. ஊருக்கு நல்லது வருதுன்னு மூஞ்சியில தெரியணும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். அட நாசமாப் போறவனுங்களா! தன் குடிசை இருந்த மண்ணிலேயே நின்று ஒரு மனுசன் அதைச் சிரித்துக்கொண்டு பிரித்துக் காட்டணுமா? ஆடினால் வீட்டு மனைக்குச் சொல்கிறேன் என்று குமாரசாமி ஆசை காட்டியிருந்தார். அதற்காகத்தான் கந்தன் தலையாட்டினான்.

பங்குனி வெயில். விழாத் தலைவர் வந்து சேர உச்சிப் பொழுதாகிவிட்டது. அதுவரைக்கும் ஆட்டக்காரர்களை வெறுங்காலோடு புதுத் தாரில் நிற்க வைத்திருந்தார்கள். கூரையை வாரி வீசுகிற கட்டத்தில் கந்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சனம் அதையும் ஆட்டமென்று நினைத்துக் கை தட்டியது. கிட்டே ஓடிப் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

"எம்பொறத்தால வாங்க" என்று அவள் நடந்தாள். எல்லாவற்றையும் இடித்தவர்கள் கிணற்றடி வேம்பை மட்டும் விட்டிருந்தார்கள். அதை வைத்துத் தன் வாசல் எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். 'நாமக்கல்' என்று எழுதிய பலகைக்குக் கீழே நின்றாள். "இதான் என்ற வாசல். கெடத்துங்க."

"ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இப்ப பஸ் உள்ள வரப்போவுது" என்று குமாரசாமி ஓடி வந்தார்.

"வரட்டுமுங்க. எழவு ஊட்டுக்கு நாலு சனம் வரத்தான் செய்யும்."

ரங்கன்தான் முதலில் குனிந்தான். மற்றவர்களும் இறக்கினார்கள். குழாயில் தண்ணீர் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். மேடைக்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை ரங்கன் பிய்த்து வந்து போர்த்தினான்.

பாடை முன்வாசல் வழியாகவே கிளம்பியது. ஆட்டக்காரர்கள் அதற்கு முன்னால் தாரை மிதித்து மிதித்து ஆடினார்கள். வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஓரடிகூட அதில் இல்லை. ஒருத்தன் முகத்திலும் சிரிப்பில்லை. கடைவீதிச் சனம் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றது. வாத்தியார் மேடைக் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. பிணம் போன வீட்டைக் கழுவி விடுவது அவர்கள் வேலை. உண்ணாமலை ஒரு விளக்குமாறு தேடிக்கொண்டு வந்தாள். தண்ணீரை ஊற்றி ஊற்றித் தன் வாசலைக் கூட்டினாள். அடுப்படி இருந்த பக்கம் கூட்டினாள். கந்தன் படுக்கிற மூலையையும் விடவில்லை.

நாமக்கல் பஸ் அவள்மேல் முட்டுகிற மாதிரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"போதும், எந்திரி. பஸ் நிக்குது பாரு" என்று குமாரசாமி கிட்டே வந்தார்.

உண்ணாமலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஊடு கழுவறனுங்க. செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க."

அடுத்த குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் ஓடிவந்து அவர் செருப்பை நனைத்தது. குமாரசாமி ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.