கதவோரக் கோப்பை

உஸ்தீனியா மாவு பிசைந்த கையோடு சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எரிந்துபோன காட்டின் சாம்பலை மிதித்துக்கொண்டு கலைமான் மேய்க்கும் ஈவெங்கி இனத்து ஆட்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் இவுல். பின்னால் துப்பாக்கியோடு வந்தவன் அவனுடைய மச்சினன் தூகி. இவுல் எப்போது வந்தாலும் கலைமான் மேல் உட்கார்ந்து, எதையாவது பாடிக்கொண்டுதான் வருவான். இன்று நடந்து வந்தான், பாட்டும் இல்லை.

"ஏங்க, வந்துட்டாங்க," என்றாள்.

அவள் புருஷன் சவ்வாத்தி நிமிர்ந்து நின்றால் தலை கதவு நிலையில் இடிக்கும். தாடி தொப்புளைத் தொடும். ஜெபத்தில் உட்கார்ந்தால் குரல் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட ஆள் தரைப் பலகையைத் தூக்கிவிட்டுக் கிழங்குக் குழிக்குள் இறங்கிய வேகம் ஒரு பூனைக்குக்கூட வராது.

"வேட்டைக்குப் போயிருக்கேன்னு சொல்லு," என்றான் உள்ளிருந்து.

"பொய் சொல்றது பாவம்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"சொல்லுடின்னா சொல்லு."

பலகை மூடிக்கொண்டது. அவள் அதன்மேல் சாக்குப் பாயை இழுத்துப் போட்டாள்.

அவன் செய்த காரியம் அப்படி. பனி உருகி முடிந்ததும், ரை தானியம் விதைக்க நிலம் வேண்டுமென்று காட்டுக்குத் தீ வைத்தான். அதற்கு முந்தைய நாள்தான் இவுல் வந்து, "இப்ப கொளுத்தாத, காத்து திரும்பட்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என் மானுங்க மேயுற பாசி இருக்கு. எங்கம்மாவும் அங்கதான் இருக்கா," என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஈவெங்கிகள் செத்தவர்களைப் புதைப்பதில்லை. உயரமாக வெட்டி விட்ட மரத் தூண்களின் மேல் பெட்டியில் வைப்பார்கள். சவ்வாத்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மறுநாள் காலையில் கொளுத்தினான். தீ மேட்டைத் தாண்டி, பாசியைத் தின்று, தூண்களையும் தின்றது. அந்தப் பாசி மறுபடி முளைத்து மான் மேயும் அளவுக்கு வருவதற்குள் இன்று பிறந்த குழந்தைக்குத் தலை நரைத்துவிடும்.

"கடவுள் சித்தம்," என்றான் சவ்வாத்தி. தன் கையில் இருந்த தீக்கொள்ளியைக் கடவுள் கையில் கொடுத்துவிடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் உஸ்தீனியாவை உறுத்தியது தீ மட்டுமல்ல. கதவோரத் தட்டில் இருந்த ஒரு மரக் கோப்பையும்தான்.

முன்னோர் கும்பிட்ட முறையான பழைய வேதத்தை விடமாட்டோம் என்று, புது முறையைத் திணித்த ரஷ்ய ஜார் மன்னனின் பாதிரிகளுக்குத் தப்பி இந்த வடகாட்டுக்குள் வந்து குடியேறியவர்கள் சவ்வாத்தியும் உஸ்தீனியாவும். வேற்று மனிதர் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்கமாட்டார்கள். குடித்தால் தீட்டு. அதனால் தங்கள் கோப்பைகள் உள்ளே, சாமிப் படத்துக்குக் கீழே இருக்கும். வெளி ஆட்களுக்கென்று ஒன்று கதவோரத் தட்டில் தனியாக இருக்கும். வந்த முதல் குளிர்காலத்தில் அவர்கள் மரப்பட்டையை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு காட்டுமான் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான் இவுல். அவள் அந்தக் கோப்பையில்தான் அவனுக்குக் குடிக்கக் கொடுத்தாள். அடுத்த முறையும் அதில்தான். பிறகு ஒருநாள் அவன் சிரித்தபடி கேட்டான்: "நான் வரும்போதெல்லாம் இதேதான் தர்ற. எனக்குன்னே எடுத்து வச்சிருக்கியா, தங்கச்சி?"

அவன் கூடாரத்தில் ஒரே கோப்பை எல்லார் கையிலும் சுற்றி வரும். தனக்கென்று ஒன்று யாருக்கும் இல்லை. அப்படிப்பட்டவனுக்காக ஒரு வீட்டில் ஒரு கோப்பையை வேறு யாரும் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய மரியாதை! அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளும், "ஆமாண்ணே," என்றுவிட்டாள். அவன் இடுப்புக் கத்தியை எடுத்து, கோப்பையின் அடியில் ஒரு மானைச் செதுக்கிவிட்டுப் போனான். அதன்பின் வெறுங்கையோடு வந்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள், ஆனால் சொன்னதில்லை.

கதவு திறந்தது. இவுல் வழக்கம்போல் கதவோர பெஞ்சில் உட்கார்ந்தான். தூகி உட்காரவில்லை.

"அவர் எங்கே?" என்றான் தூகி.

"வேட்டைக்குப் போயிருக்காரு."

தூகி அடுப்புப் பக்கம் பார்த்தான். சவ்வாத்தியின் பெரிய பூட்ஸ் இரண்டும் அங்கே காய்ந்துகொண்டிருந்தன.

"வெறுங்காலோடவா?"

"இன்னொரு ஜோடி இருக்கு."

"வசதியான வீடுதான்," என்றான் தூகி.

அவள் கதவோரக் கோப்பையை எடுத்து, ரொட்டியைப் புளிக்க வைத்த பானத்தை ஊற்றிக் கொடுத்தாள். இவுல் பழக்கதோஷத்தில் பாதி குடித்துவிட்டான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக நிறுத்தி, கோப்பையைத் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்த மானைப் பார்த்தான்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தூகி பழைய வேதக்காரங்க ஊர்ல கூலி வேலை பார்த்தவன். நேத்து ஒண்ணு சொன்னான். 'மாமா, அது உனக்கு வச்ச மரியாதை இல்ல. நீ தொட்டது தீட்டுன்னு தள்ளி வச்ச கோப்பை. உன்னை மனுசனாவே நினைக்காதவன் உன் காட்டைக் கொளுத்த எதுக்கு யோசிக்கணும்'னான். நான் அவனை அறைஞ்சிட்டேன்." அவன் தலை நிமிர்ந்தான். "இப்ப நீ சொல்லு. அறைஞ்சது தப்பா?"

"யோசிச்சுச் சொல்லும்மா," என்றான் தூகி. "அவசரத்துல வச்ச தீயா, எங்களை ஆளா மதிக்காம வச்ச தீயான்னு உன் பதில்ல தெரிஞ்சிடும்."

அப்போது பார்த்துக் குழிக்குள் சவ்வாத்தி இருமினான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிய இருமல்தான். ஆனாலும் மூன்று பேருக்கும் கேட்டது. தூகி ஒரு எட்டு வைத்துச் சாக்குப் பாயின் மேல் நின்றான். துப்பாக்கியின் முனை தரையைப் பார்க்கத் திரும்பியது.

'தப்பே இல்லண்ணே, அவன் சொன்னது பொய்' என்று சொன்னால் போதும். ஒரு பொய்யை ஏற்கெனவே சொல்லியாயிற்று, இன்னொன்று சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் இவுல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் அவளுக்குப் பொய் வரவில்லை.

"அறைஞ்சது தப்புண்ணே," என்றாள். "தூகி சொன்னது நெசம்."

தூகி துப்பாக்கியை இறுகப் பிடித்தான். அவள் இவுலின் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள்.

"இன்னிக்கு வரைக்கும் நெசம்," என்று சொல்லிவிட்டு, அவன் வைத்த மீதியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அந்த ஒரு வாயில் அவளும் தீட்டாகிவிட்டாள் என்பது தூகிக்குத் தெரியும். அவன் முகம் மாறியது. துப்பாக்கியின் முனை தரையை விட்டு மெல்ல விலகியது.

"எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன், தங்கச்சி," என்றான் இவுல். "தாடிக்காரன் வீட்ல எனக்குன்னு தனிக் கோப்பைன்னு." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இப்படி ஒரு மனிதனை இத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

இவுல் எழுந்தான். "தீயை மறந்துட மாட்டேன். தப்பு பண்ணினவன் எங்க அடுப்புகிட்ட வந்து உக்காந்து, தன் வாயால சொல்லணும். எங்க வழக்கம் அது. முதல் பனி விழறதுக்குள்ள வரணும். வரலைன்னா இவன் வருவான், நான் தடுக்க மாட்டேன்."

போகிற போக்கில் சாக்குப் பாயைக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"வேட்டையில இருந்து வந்ததும் சொல்லு. கிழங்குக் குழி ஈரம் நெஞ்சுக்கு ஆகாது."

அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் பலகை திறந்தது. சவ்வாத்தி தாடியெல்லாம் மண்ணோடு மேலே வந்தான். உயிரோடு இருக்கிறானே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவனோ கோப்பையைத்தான் பார்த்தான்.

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அவன் எச்சிலையா?"

"ஆமா."

அவன் இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொண்டான். மேசைத் துணியின் நுனியால் கோப்பையைப் பிடித்துக் கதவோரத் தட்டில் வைத்தான். உள்தட்டில் இருந்த அவளுடைய சொந்தக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தான்.

"இனிமே உனக்கு அதுதான். சாப்பிடறதும் அந்தக் கதவோரத்துலதான். நானா சொல்லல, நம்ம சட்டம் சொல்லுது."

அவளுக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். கோபம்தான் வந்தது. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சரி. சட்டம்னா சட்டம்தான். அப்ப அந்த மாவு?"

"எந்த மாவு?"

"தொட்டியில இருக்கே, அது. பிசையும்போது நான் சுத்தமாத்தான் இருந்தேன். இனி நான் தொட்டா தீட்டு. சுடறது யாரு?"

சவ்வாத்தி தொட்டியைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். சட்டத்தின் அந்தப் பக்கம் அவனுக்கு அதுவரை தோன்றியிருக்கவே இல்லை.

அன்று முதல் அவன் சமையல் அவனுடையது. ரொட்டி வெளியே கரியாகவும் உள்ளே பச்சை மாவாகவும் வந்தது. கஞ்சி அடிப்பிடித்தது. அவள் கதவோரம் உட்கார்ந்து, தான் சுட்ட ரொட்டியைச் சத்தம் போட்டுக் கடித்துத் தின்றாள். கொஞ்சம் கொடு என்று கேட்க அவன் சட்டம் விடவில்லை. அவளும் கொடுக்க முன்வரவில்லை. இலைகள் உதிர்ந்தன. காலையில் வாளித் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஏடு கட்டியது. தூரத்தில், எரிந்த மேட்டின் உச்சியில் தூகி வந்து நிற்பதும், வீட்டைப் பார்ப்பதும், போவதுமாக இருந்தான். சவ்வாத்தி விறகு வெட்டப் போனால்கூட அந்த மேட்டைப் பார்த்தபடியே கோடரியை ஓங்கினான்.

வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து தொங்கிய ஒருநாள் காலையில் அவன் பூட்ஸை மாட்டினான்.

"போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பைக்குள் கருகிய ரொட்டியை வைத்தான். தன் கோப்பையைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்தான். உஸ்தீனியா எழுந்து வந்து கோப்பையை வெளியே எடுத்தாள்.

"இது வேணாம்."

"அவங்க ஏனத்துல நான் குடிக்க மாட்டேன்."

"அப்ப போகவே போகாதீங்க. கொளுத்தினதை நீங்க உங்க வாயால சொன்னா அண்ணன் ஒருவேளை மன்னிப்பாரு. சொந்தக் கோப்பையைத் தூக்கிட்டுப் போய் அவர் அடுப்புகிட்ட உக்காந்தீங்கன்னா, நீங்க சொல்ற எதுவும் அவர் காதுல ஏறாது. தூகிக்கு அந்தக் கோப்பை மட்டும்தான் கண்ணுல படும்."

சவ்வாத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"குடிச்சா நானும் உன்னை மாதிரி ஆயிடுவேன்."

"ஆவீங்க," என்றாள் அவள். "பெஞ்சு நீளமானதுதான். இன்னொருத்தர் உக்காரலாம்."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். எரிந்த மேட்டில் பாதி தூரம் போனதும் நின்று திரும்பிப் பார்த்தான். கோப்பையைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுவானோ என்று அவள் பயந்தாள், ஆனால் அவன் வரவில்லை.

அங்கே போய்க் குடிப்பானா, மாட்டானா, அவளுக்குத் தெரியாது. அவன் கோப்பையைத் துணியிலிருந்து பிரித்தாள். சாமிப் படத்துக்குக் கீழே இருந்த அதன் இடத்தில் வைக்கப் போனவள், மனசு மாறி, கதவோரத் தட்டில் மான் செதுக்கிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.