வளர்ற பிள்ளைக்கு வாங்கிய ஷூ

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கேட்டு வாங்கப்பட்டது. வேப்பந்தட்டையில் பஞ்சு வியாபாரம் செய்யும் அழகேசன் எங்கள் இளைஞர் மன்றத்தின் தலைவர். அந்த இளைஞருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மன்றத்தின் ஆண்டுவிழா மலரில் சில பக்கங்கள் காலியாக இருந்தன.

"நம்ம மன்றம் அந்தப் புள்ளையத் தூக்கி விட்டது பத்தி எழுது தம்பி. படிக்கிறவனுக்குக் கண்ணு கலங்கணும்."

"அவதான் தேறலையேண்ணே."

"கதைதானடா எழுதுற? தேற வை."

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். இரவில் நெடுஞ்சாலை எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறேன். எழுதுவேன் என்பது ஊருக்குத் தெரியும். வேறு எதற்கும் ஆகமாட்டேன் என்பதும் தெரியும். அதனால் என்னிடம் வந்தார்.

2

முதல் தொடக்கம்: 'கிழக்கு வெளுக்கும் முன், பருத்திக்காட்டு வண்டிப்பாதையில் ஒரு மான்குட்டி'

அடித்துவிட்டேன். அவள் மான்குட்டி இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற, பல் கொஞ்சம் எடுப்பான, கெட்ட வார்த்தை சரளமாக வருகிற பெண்.

இரண்டாவது: 'வறுமையிலும்'

இதை வாக்கியமாக்கக்கூட மனம் வரவில்லை.

மூன்றாவதை அப்படியே தருகிறேன். பிரவீணாவின் அம்மா பாப்பாத்தி அழகேசனின் காட்டில் பருத்தி எடுக்கிறாள். அப்பா இல்லை. (எங்கே போனார் என்று எழுதினால் அது வேறு கதையாகிவிடும்.) பத்தாவது முடிந்ததும் பிரவீணாவைத் திருப்பூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு அனுப்புவதாகப் பேச்சு. ஏஜென்ட் வந்து பேசிவிட்டும் போயிருந்தான். அதைத் தடுக்க அவளுக்கு இருந்தது ஒரே வழி: பெரம்பலூரில் நடக்கும் தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வருவது. வந்தால் விளையாட்டு விடுதி. சாப்பாடும் படிப்பும் அங்கேயே. நானூறு மீட்டர். வெறுங்காலில் ஓடும் அவளைப் பள்ளி மைதானத்தில் யாரும் முந்தியதில்லை.

3

இந்த இடத்தில் அழகேசனை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையைப் பெரிதாக்கினேன், குரலைத் தடிக்க வைத்தேன். ஒத்துவரவில்லை. யாரும் கேட்காமலே, பி.டி. ஆசிரியை ஜெயசுதாவிடம் அளவு விசாரித்து, திருச்சி வரை பஸ்ஸில் போய் ஓட்டத்துக்கான ஷூ வாங்கி வந்தவர் அவர். அடியில் முள்ளாணி வைத்த நல்ல ஷூ. மன்றக் கூட்டத்தில் மேடை போட்டுக் கொடுத்தார். டீச்சர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொன்னதுக்கு ஒரு நம்பர் பெருசா இருக்குதுங்களே?"

"தெரிஞ்சுதாங்க டீச்சர் வாங்கினேன். வளர்ற புள்ள. அளவா வாங்கினா அடுத்த வருசமே காலைக் கடிக்கும்."

கீழே இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

(அடிக்குறிப்பு போலப் படிக்கவும்: எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் எதையும் அளவாக வாங்கியதில்லை. பாவாடையை மடித்துத் தைத்து, வருசத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரிப்போம். சட்டை முழங்காலைத் தொடும். பெரும்பாலும் பிள்ளை வளர்வதற்குள் துணி கிழிந்துவிடும். அப்படியும் அளவாக வாங்குகிறவனைத்தான் ஊதாரி என்போம்.)

4

தேர்வு நாள் காலை, மன்றத்தார் வேன் பிடித்து பேனரோடு வந்து மைதானத்து வேலியோரம் நின்றார்கள். பிரவீணா ஷூவைக் கழற்றிப் பாப்பாத்தியின் மடியில் போட்டாள்.

"எனக்கு வேணாம். லொடக்கு லொடக்குங்குது."

"போடு புள்ள. ஐயா பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"ஓடுறது அவரா, நானா?"

"நாளைக்கி அவரு காட்டுல போயி நிக்கிறது நான்டி. கழட்டிப் போட்டா திமிருன்னு பேசுவாங்க. ஒரு சுத்துதான, போட்டுக்க."

"உனக்கு எது தோதோ அப்படி ஓடும்மா" என்றார் டீச்சர். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

பிரவீணா வேலியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பாப்பாத்தி முந்தானையில் முடிந்து வந்திருந்த பஞ்சை அவிழ்த்துக் கொடுத்தாள். பிரவீணா அதை ஷூ நுனியில் திணித்து, லேஸைப் பாதத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

கடைசி வளைவு வரை அவள்தான் முன்னால். வளைவில் ஷூ மண்ணைக் கவ்வி நின்றது, கால் அதற்குள்ளே திரும்பியது. விழவில்லை. விழுந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். நொண்டிக்கொண்டே மூன்றாவதாக வந்தாள்.

"பரவால்ல புள்ள! மாவட்டத்துல மூணாவதுன்னா சும்மாவா!" அழகேசன் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பேனரைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

5

அவர் கேட்ட மாதிரி முடிவுகள்:

அ) வளைவில் ஷூவை உதறிவிட்டு, வெறுங்காலில் பாய்ந்து ஜெயிக்கிறாள்.

ஆ) பார்த்துக்கொண்டிருந்த ஓர் அதிகாரி அவள் திறமையில் மயங்கி, மூன்றாமிடத்தையும் சேர்த்துக்கொள்கிறார்.

இ) பல வருடங்கள் கழித்து அவளே பயிற்சியாளராகி, ஏழைச் சிறுமி ஒருத்தியின் பாதத்தை

(எனக்கே சகிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.)

மூன்றையும் பிரவீணாவிடம் படித்துக் காட்டினேன். கணுக்கால் வீக்கம் வடியாமல், வாசலில் உட்கார்ந்து கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் தாள் அரிந்துகொண்டிருந்தாள்.

"லேஸை ரெண்டு சுத்து கட்டியிருந்தேன். ஓடுறப்ப எப்படிண்ணே உதறுறது? நீ என்னைக்காச்சும் ஓடியிருக்கியா?"

"இல்ல."

"தெரியுது. ரெண்டாவதுல வர்ற ஆபீசரு யாரு?"

"யாருமில்ல. நான் உண்டாக்குனது."

"உண்டாக்குறதுதான் உண்டாக்குற, ஓட்டத்துக்கு முன்னாடி ஒருத்தரு வர்ற மாதிரி உண்டாக்கியிருக்கலாம்ல? ஐயாகிட்டப் போயி, 'அந்தப் புள்ள இஷ்டத்துக்கு வுடுங்க'ன்னு சொல்ற மாதிரி."

அப்படி ஓர் ஆளை எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆளாக அவன் தெரியவில்லை.

6

அடுத்த மாதம் அரியலூரில் இன்னொரு தேர்வு இருப்பதாக ஜெயசுதா டீச்சர் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். வீக்கம் வடிந்தால் ஓடலாம். அதுவரை பிள்ளையை மில்லுக்கு அனுப்பாதீர்கள் என்று பாப்பாத்தியிடம் கேட்டிருக்கிறார். பத்தாவது பரீட்சை முடிந்ததுமே பாப்பாத்தி ஏஜென்ட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. என்ன செய்வது என்று அழகேசனிடம் யோசனை கேட்கப் போனாள்.

"ஹாஸ்டல்தான வேணும் ஒனக்கு? மில்லுலயும் ஹாஸ்டல் இருக்குல்ல. வந்த வேலைய வுடாத" என்றாராம். நல்ல எண்ணத்தில்தான்.

பிரவீணாவிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மில் வேன் ஞாயிறு காலை வருகிறது. மலருக்கான முடிவை இன்று மாலைக்குள் நான் கொடுக்க வேண்டும். கண் கலங்க வைக்கும் முடிவு. நீங்களும் அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று எனக்குச் சந்தேகம். என்னிடம் ஒரு பாதி வாக்கியம்தான் இருக்கிறது. முடித்து நேராக அழகேசனிடம் கொடுத்துவிடுங்கள். எதை எழுதினாலும் அவர் மகிழ்ச்சியோடு அச்சடிப்பார்.

ஏஜென்ட் வேன் கதவைத் திறந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், பிரவீணா