மொட்டைப்பாறையில் எத்தனை கோடு?

மார்கழி மாதம், காலை ஏழு மணிக்கு மொட்டைப்பாறையின் வடக்கு மூலையில் நின்றுகொண்டு, பட்டன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள் தேன்மொழி.

"கலைமணி அண்ணா! மாராயி அக்காளுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரித் தேதிங்க. ஒம்பது மணிக்கு ஜீப்பு வேணும். கேக்குதுங்களா?"

"கேக்குது, கேக்குது. காது கிழியுது புள்ள" என்றது போன்.

ஈச்சங்குழிப்பட்டியில் முப்பத்தெட்டு வீடுகள். ஒரு வீட்டிலும் சிக்னல் கிடையாது. ஊருக்குக் கிழக்கே கால் மணி நேரம் ஏறினால் மொட்டைப்பாறை. அதன் வடக்கு மூலையில் நின்றால், ஒரே ஒரு கம்பெனியின் டவர் மட்டும் மனமிரங்கி இரண்டு கோடு காட்டும். ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுகொள்ளும். அங்கிருந்து ஊர்வரை கிடக்கும் கல்லுப் பாதையில் ஏறக்கூடிய ஒரே வண்டி, பக்கத்து ஊர்க் கலைமணியின் ஜீப். ஆகவே, இந்த ஊரில் பிரசவ வலி கண்டாலும் பாம்பு தீண்டினாலும் யாராவது ஒருத்தர் பாறைக்கு ஓடியாக வேண்டும். நாலு வருடமாக ஓடுகிறவள் தேன்மொழி. யாரும் அவளை நியமிக்கவில்லை. காலில் வலு இருந்தது, தொண்டையில் சத்தம் இருந்தது, கையில் போன் இருந்தது. அவ்வளவுதான் தகுதி.

அன்று பாறையிலிருந்து இறங்கும்போது பனியில் கால் வழுக்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன் மட்டும் இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த பிளவில் விழுந்து, டொக் டொக்கென்று வெகுநேரம் சத்தம் போட்டுக்கொண்டே போய் அடங்கியது. சிம்மும் அதோடு போயிற்று.

ஊரில் வேறு போனே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. நல்ல போன்களெல்லாம் இளவட்டங்களின் பையில் திருப்பூருக்குப் போயிருந்தன. மிச்சமிருந்தவை ரீசார்ஜ் போடாமல் செத்துப்போய், குழந்தைகள் கையில் விளையாட்டுச் சாமானாகக் கிடந்தன. மிளகுப் பறிப்பு தொடங்கப் போகிற நேரம். மூங்கில் ஏணி வைத்து ஆண்கள் மரமேறும் காலம். போன் இல்லாத ஊராக இருக்க முடியாது.

ஊர்க்கூட்டம் கூடியது. கோயில் பொதுப் பணத்தில் ஊருக்கென்று ஒரு போன் வாங்குவது என்று முடிவாயிற்று. இதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் வார்டு மெம்பர் தனபால் எழுந்து தொண்டையைச் செருமினார்.

தனபாலுக்கு வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. எழுதி யாரும் பார்த்ததில்லை. "இனிமேல்ட்டு நம்மூரு டிஜிட்டல் ஊரு" என்று ஆரம்பித்தார். "வாங்குறதுதான் வாங்குறோம், நாலு பேரு பாத்து அசரோணும். ஆறே முக்கா இஞ்சுத் திரை. கேமரா மட்டும் மூணு. சிம்மு புதுக் கம்பெனி. நாமக்கல்லுல எம்பட மச்சானே அதைத்தான் வெச்சிருக்கான். படம் பறக்குது."

அந்த ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பெண்கள் பலா மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். சொல்ல ஏதாவது இருந்தால் வீட்டுக்காரன் மூலமாகச் சொல்லியனுப்பலாம். சட்டசபையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. தேன்மொழி தன் புருஷன் அருள்பிரகாஷின் காதில் மூன்று விஷயம் சொன்னாள். அவன் கூச்சக்காரன். எழுந்து தலையைச் சொறிந்தான்.

"எங்கூட்டுல என்ன சொல்லுதுன்னாங்க... மழை புடிச்சா மூணு நாளைக்குக் கரண்டு வராது, அதனால பேட்டரி நிக்கோணுமாம். பாறையில ஒரு கையி புடிமானத்துக்கு வேணும், அதனால போனு சின்னதா இருந்தாத் தேவலையாம். அப்புறம் சிம்மு... பழைய கம்பெனி டவர் மட்டுந்தான் பாறைக்கு எட்டுதாமுங்க."

"உங்கூட்டுல சொன்னதைச் சொல்றதுக்கு நீ என்ன ரேடியோவா?" என்றார் தனபால். வட்டம் சிரித்தது. அருள்பிரகாஷும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அண்ணாமலை மட்டும் சிரிக்கவில்லை. பழைய கம்பெனியே இருக்கட்டுமே என்று இழுத்தார். தனபால் விடவில்லை. இரண்டு கட்சியாயிற்று. கட்சி இரண்டானால் அந்த ஊரில் செய்வது ஒன்றுதான். பெரியசாமி கோயிலில் பூக் கேட்பது. சிவப்பு அரளியை ஒரு இலையிலும் வெள்ளை அரளியை ஒரு இலையிலும் மடித்து வைத்தார்கள். சிவப்பு புதுக் கம்பெனி, வெள்ளை பழைய கம்பெனி. ஒரு சின்னப் பெண் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். குழந்தை சிவப்பை எடுத்தது.

நாலு வருடம் பாறைமேல் நின்றவள் இருபதடி தள்ளிப் பலா மரத்தடியில் நின்றுகொண்டிருக்கும்போது, டவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சாமியிடம் விசாரித்தார்கள்.

மறுநாள் நாலு பேர் கலைமணி ஜீப்பில் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினார்கள். கடையில் நடந்ததைக் கலைமணிதான் பிறகு தேன்மொழியிடம் சொன்னான்.

"பேட்டரி எத்தன நேரம் நிக்கும்னு கவுண்டரு கேட்டாரு. அதுக்குக் கடைக்காரன், பத்தே நிமிசத்துல பாதி சார்ஜு ஏறீருமுங்கன்னான். கரண்டு இருந்தாத்தானேடான்னு நான் சொல்ல வந்தேன். மெம்பரு மொறச்சாரு. டவரைச் சோதிச்சுப் பாக்கோணும்னு அவுரே கடைக்குள்ள நின்னு மச்சானுக்குப் போன் போட்டாரு. நாலு கோடு! பாத்தியா சாமியோட சக்தியங்கறாரு. சேந்தமங்கலத்துல தெரு நாய்க்கே நாலு கோடு கெடைக்கும் புள்ள."

போன் மேளத்தோடு ஊர் வந்து சேர்ந்தது. பெரியசாமி காலடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். மூன்று கேமராவில் இரண்டை அது அடைத்துக்கொண்டது. தேன்மொழி கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணா, பாறைக்குக் கொண்டு போயி ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு வாரேன்."

தனபாலின் முகம் கறுத்தது. "சாமி சொன்ன சிம்மச் சோதிக்கிறியா நீயி?"

"சாமிய எதுக்குங்க நான் சோதிக்கோணும்? டவரத்தானுங்க."

"எல்லாம் ஒன்னுதான்."

"செரிங்க, சந்தேகத்துக்குப் பழைய கம்பெனி சிம்மு ஒன்னும் சேத்திப் போட்டு வெப்பம். ரெண்டு சிம்முக்கு எடமிருக்குதுங்களே."

"பூ சொன்னது ஒன்னு, நீ சேக்கறது ஒன்னா? சாமி குத்தமாயிரும். போ புள்ள."

பத்திரமாக இருக்க வேண்டுமென்று போன் தனபால் வீட்டுக்குப் போயிற்று. அங்கே அது பத்திரமாக இருந்ததோ என்னவோ, சும்மா இருக்கவில்லை. டவர் கிடைக்கும் செம்மேட்டுக்குப் போகும்போதெல்லாம் தனபால் அதில் படங்களை இறக்கிக்கொண்டு வருவார். ராத்திரிச் சோற்றுக்கு அப்புறம் குடும்பம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்து பார்க்கும். ஆறே முக்கால் அங்குலத் திரையில் படம் பறந்தது. பேட்டரியும் கூடவே பறந்தது.

தை மாதக் கடைசியில், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, அருள்பிரகாஷ் சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தான். கொடிக்குள் மறைந்திருந்த கதண்டுக் குளவிக் கூட்டில் கை பட்டது. கூடு முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பியது. கீழே நின்ற காளியண்ணன் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏணியில் ஏறி அவனை இறக்கிக் கொண்டுவருவதற்குள், தலையிலும் முதுகிலுமாக எண்ண முடியாத அளவு கொட்டியிருந்தது.

தேன்மொழி தனபால் வீட்டுக்கு ஓடினாள். தனபால் ஊரில் இல்லை. அவர் மனைவி ருக்குமணி பதறிப்போய்ப் போனை எடுத்துக் கொடுத்தாள். "ரெண்டு நாளாக் கரண்டே இல்ல தேனு. சார்ஜு பதினொன்னுதான் இருக்குது, பாத்துக்க."

மொட்டைப்பாறை. வடக்கு மூலை. நாலு வருடமாக அவள் கால் வைத்துத் தேய்ந்த அதே இடம். ஒரு கோடும் இல்லை. இடக்கையால் பாறையைப் பிடித்தபடி வலக்கையில் அந்தப் பலகையைத் தூக்கினாள். வெயிலில் திரை கண்ணாடிபோல் மின்னி அவள் முகத்தைத்தான் காட்டியது. முந்தானையால் மறைத்துப் பார்த்தாள். சேவை இல்லை.

இன்னும் மேலே, முட்புதருக்குள் புகுந்து, அடுத்த கரட்டின் உச்சிவரை ஏறினாள். அங்கே ஒரு கோடு வந்து வந்து போனது. கலைமணியின் எண் மனப்பாடம். மணி அடித்தது. "யாருங்க?" என்றான் கலைமணி. "அண்ணா, நான் தேனு..." என்றாள். திரை கறுத்தது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவள் கலைமணியின் ஊர்வரை ஓடியே போனாள். ஜீப் வந்து, அருள்பிரகாஷைத் தூக்கிப் போட்டு, மலைச்சாலையின் எழுபது வளைவும் இறங்கி ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது.

ஆள் பிழைத்தான். சிறுநீரகங்கள் இரண்டும் படுத்துவிட்டன. "விஷம் ஏறினதும் கொண்டாந்திருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதும்மா" என்றார் டாக்டர். இப்போது வாரம் இரண்டு நாள் நாமக்கல்லில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டாள். டாக்டர் அடுத்த தேதிக்குச் சீட்டு எழுதினார்.

மூன்றாம் வாரம் ஊர்க்கூட்டம். அன்றைக்கும் ஆஸ்பத்திரி முறை. கலைமணி ஜீப்போடு வந்து காத்திருந்தான். தனபால் புதுச் சலவைச் சட்டையில் எழுந்தார். வருத்தம் தெரிவித்தார். அழகாகத்தான் தெரிவித்தார். பிறகு காரணத்தைச் சொன்னார்.

"சாமி குடுத்த சிம்மு எடுக்கலைன்னா, அதுல தீட்டுப் பட்டிருக்குது. ஆகாத நாள்ல எவளோ கையி வெச்சிருக்கா. பரிகாரம் பண்ணிப்போட்டா டவரு தானா வந்துரும்."

பலா மரத்தடியில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்தார்கள். தேன்மொழி குனியவில்லை. விறுவிறுவென்று நடந்து ஆண்களின் வட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள். எவனோ "ஏய், ஏய்" என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் போனை எடுத்துக்கங்க மெம்பருங்க. பாறைக்குப் போலாம்."

"இப்ப எதுக்கு..."

"தீட்டுன்னீங்கல்ல? என்ற கை படாம நீங்களே புடிங்க. ஊரே பாக்கட்டும். நடங்க."

அண்ணாமலை எழுந்தார். அவர் எழுந்ததும் ஊரே எழுந்தது. தனபாலால் உட்கார முடியவில்லை. கால் மணி நேர ஏற்றம் அவருக்கு முக்கால் மணி நேரமாயிற்று. மூன்று இடத்தில் உட்கார்ந்தார். சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பேனா வழியில் எங்கோ விழுந்தது. வடக்கு மூலையில் நிற்கப் பயந்து காளியண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, சந்தனம் காய்ந்து உதிர்ந்த போனைத் தூக்கினார்.

"எத்தன கோடுங்க?" என்றாள் தேன்மொழி.

தனபால் வாய்க்குள் ஏதோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க. கூட்டத்துல நல்லாப் பேசுவீங்களே."

"...ஒன்னுமில்ல."

தேன்மொழி கலைமணியின் கீறல் விழுந்த பழைய போனை வாங்கி உயர்த்திக் காட்டினாள். இரண்டு கோடு. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ தனபாலைப் பெயர் சொல்லித் திட்டினார்கள்.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றார் தனபால். "அவனை நான்..."

"கடைக்காரன் இந்தப் பாறையப் பாத்திருக்கானா?" என்றாள் தேன்மொழி. "அவன் விக்கிறவன், வித்தான். சாமி மேலயும் போடாதீங்க, பொம்பளைங்க மேலயும் போடாதீங்க. சாமிகிட்டக் கேட்டீங்க. மச்சான்கிட்டக் கேட்டீங்க. கடைக்காரன்கிட்டக் கேட்டீங்க. நாலு வருசமா இங்க நின்னு கத்துனவ நானு. எங்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? எம் புருசன் எந்திரிச்சுச் சொன்னாரு. சிரிச்சீங்க. அவரும் உங்களோட சேந்து சிரிச்சாரு. இப்ப அவரு கட்டில்ல கெடக்குறாரு. சிரிங்க பாக்கலாம்."

அண்ணாமலை தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு தனபாலுது மட்டுமில்லை" என்றார். "எனக்கு அன்னிக்கே மனசுல பட்டுது. சொல்லித் தோத்துப்போனா மானம் போகுமேன்னு பூவு மேல போட்டுட்டு ஒதுங்கிக்கிட்டேன். ஒரு சாமானை எவங்க தூக்கிக்கிட்டு ஓடோணுமோ அவங்களைக் கேக்காம வாங்குனா, அது ஊருக்கு வாங்குனதில்ல. நம்ம பவுசுக்கு வாங்குனது. பவுசு நம்முளுது, உசுரு அடுத்தவனோடது. இனி இந்த ஊர்ல ரோடோ, போனோ, பைப்போ, அதைப் பொழங்குறவங்க வட்டத்துக்குள்ள வந்து உக்காந்து பேசுன பொறகுதான் முடிவு. பலா மரத்துக்கு அந்தப் பக்கம் இனி ஆரும் நிக்க வேண்டாம்."

பிறகு தேன்மொழியிடம் திரும்பினார். "எந்தப் போனு வாங்கலாங் கண்ணு? நீயே சொல்லு."

தேன்மொழி கலைமணியின் போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்தக் கேள்விய மார்கழியிலயே கேட்டிருக்கோணும் மாமா" என்றாள். "நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு அவரை நாமக்கல் கூட்டிட்டுப் போவோணும். கலைமணி அண்ணா, வண்டிய எடுங்க."