நாற்பது சீட்டுகள், மூன்று எண்ணிக்கைகள்

1

இந்தக் கதை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து வருகிறது. உள்ளே நாற்பது வாக்குச்சீட்டுகள். எண்ணியவளுக்குப் புஷ்பம் என்று பெயர் வைக்கிறேன். ‘அவள்’ என்றால் எழுதிவிட முடியும்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மழை [வேண்டாம். மழை பிறகு வரட்டும்.]

2

தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசப் பெண்களில் ஒருத்தி வேண்டும். மூவர் நின்றார்கள். சுவர் வெடித்த மேல் லயத்து வீட்டு வரிசையைக் காலிசெய்து, ஆட்களைப் பாடசாலைக்கு மாற்றக் கேட்பேன் என்றாள் வேலாயி. கீழே இருக்கும் பணிய லயத்துக்குக் கூரைத் தகரம் கேட்பேன் என்றாள் ராக்கம்மா. மூத்தவளான பாலம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்த புஷ்பம், 1, 2, 3 என்று விருப்பம் போடச் சொன்னாள்.

“ரெண்டாவது யாருக்குக்கா?” என்று வரிசையில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

“பாலம்மா அக்காவுக்குத்தான். அதுவும் போடாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. நாளைக்கு மலையில பக்கத்து நெரையில நின்னு கொழுந்து பறிக்கணுமே.”

பாலம்மாவுக்கு 1 போடாத எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

“ஏ புஷ்பம்,” என்று சிரித்தாள் வேலாயி, “இந்நேரத்துக்கு நாங்க கொழுந்தையே தராசுல நிறுத்து முடிச்சிருப்போம்டி.”

3

முதல் விருப்பம்: வேலாயி 19, ராக்கம்மா 16, பாலம்மா 5.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் பாதிகூட இல்லையே என்று பணிய லயம் சண்டைக்கு வரும். புஷ்பத்துக்குச் சத்தம் என்றால் பயம். அதனால் இரண்டு முறைகளைச் சேர்த்தாள். முதலாவதுக்கு இரண்டு புள்ளி, இரண்டாவதுக்கு ஒன்று. பிறகு புள்ளியில் கடைசியாக நிற்பவளை நீக்கிவிட்டு, மற்ற இருவரையும் நேருக்கு நேர் நிறுத்துவது.

புள்ளிகள்: பாலம்மா 45, வேலாயி 40, ராக்கம்மா 35. நீங்கிய ராக்கம்மாவின் பதினாறும், மரியாதைக்குப் போட்ட இரண்டாவதின்படி பாலம்மாவுக்குப் போயின. பாலம்மா 21, வேலாயி 19.

யாரும் சண்டை பிடிக்கவில்லை.

(குறிப்பு: எங்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தல் மாதிரி, முதல் விருப்பத்தை வைத்தே நீக்கி எண்ணியிருந்தால் பாலம்மாதான் முதலில் நீங்கியிருப்பாள். வேலாயி 21, ராக்கம்மா 19. இதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். பார்த்தாள்.)

4

தோட்டக் கந்தோரில், துரையின் மேசைக்கு முன்னால், பாலம்மா கதிரையில்கூட உட்காரவில்லை. “தொரை பாத்துச் செஞ்சா சரிங்க” என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். பதினோராம் நாள் மழையில் மண்மேடு மேல் லயத்தின் மீது இறங்கியது. வேலாயியை

[இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கிவிட்டேன். அவளைத் தோண்டி எடுக்க இரண்டு நாளாயிற்று. அவ்வளவுதான்.]

5

முடிவு அ: வேலாயி வெல்கிறாள், துரை இணங்குகிறார்.

முடிவு ஆ: வேலாயி வெல்கிறாள், துரை மறுக்கிறார், மண் எப்படியும் இறங்குகிறது. இது எனக்கு ஆறுதல் தரும். அதனாலேயே எழுதமாட்டேன்.

பாலம்மா என்னைக் காணும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறாள்: “என்னைய எதுக்கும்மா ஜெயிக்க வச்ச?”

டின்னைத் திறந்து உங்கள் முன் வைக்கிறேன். எந்த முறையிலாவது எண்ணுங்கள். மடிப்பில்லாத சீட்டு ஒன்றுதான் இருக்கும். மறைக்க என்ன இருக்கு என்று விரித்தபடியே நீட்டினாள் வேலாயி. தன் பெயருக்கு 1. பாலம்மாவுக்கு 2.