இடம் மாறியவர் பட்டியல்

மூன்றாவது மெயில் சர்வர் மென்பொருளையும் அழித்துவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தாள். கழுத்து கல்லாய்க் கனத்தது. பெரியண்ணனின் லிஃப்ட் கம்பெனிக்கென்று இணையத்தில் ஒரு டொமைன், கோபித்துக்கொண்டு பிரிந்துபோய் இரண்டு தெரு தள்ளிக் கடை போட்ட சின்னண்ணனுக்கு ஒன்று, அவளுடைய சொந்த வேலைக்கு ஒன்று. மூன்றுக்கும் மெயில் வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஒரே புது சர்வர், அதுவும் அவள் வீட்டுப் பின்னறையில்.

முதல் மென்பொருள் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது. இரண்டாவது, அண்ணன்கள் இருவருக்கும் ‘ஆபீஸ்’ என்று மெயில் பெட்டி வைத்ததும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. பெரியவருக்கு வந்த புகாரைச் சின்னவர் படித்துவிட, வீடு இரண்டுபட்டது. மூன்றாவதில் திரை மட்டும்தான் அழகு.

பழைய சர்வரை மாலை ஆறு மணிக்கு நிறுத்தியாக வேண்டும்; அதற்குள் புதியது ஓட வேண்டும். பெரியண்ணன் டொமைனில் இருந்த சின்னண்ணனின் பழைய முகவரிதான் உறுத்தியது. இருபது வருட வாடிக்கையாளர்கள் இன்னமும் அதற்குத்தான் எழுதுகிறார்கள். அது நின்றால் புதுக்கடை எழுந்திருக்கும் முன்பே படுத்துவிடும். பெரியண்ணனைப் போனில் கூப்பிட்டாள்.

“இங்க அப்படி யாரும் இல்ல. வர்றதத் திருப்பி அனுப்பிடு.”

“இருபது வருஷம் இருந்த ஆளுண்ணா.”

“நீ கம்ப்யூட்டர மட்டும் பாரு தாயே.”

சின்னண்ணன் அதற்கும் மேல். “அவர் வாசல் வழியா எனக்கு எதுவும் வர வேண்டாம். ஃபார்வர்ட் கீர்வர்ட்னு ஏதாவது பண்ணி வைக்காத. திரும்பியே போகட்டும்.”

“பிரிஞ்சதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒத்துப்போறது இதுல மட்டும்தான்.”

“நக்கலா?”

“அலுப்புண்ணா.”

நான்காவது மென்பொருளுக்குத் திரையே கிடையாது, எல்லாம் எழுத்துக் கோப்புகள். அதன் கையேட்டைப் புரட்டும்போது ஒரு பத்தியில் கண் நின்றது. இடம் மாறியவர்களுக்கென்று ஒரு பட்டியல் வைக்கலாம். அதில் உள்ள பெயருக்கு வரும் மெயிலை சர்வர் வாங்காது, திருப்பித்தான் அனுப்பும். ஆனால் அவர் இன்ன முகவரிக்குப் போய்விட்டார் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும்.

இரண்டுமுறை படித்தாள். வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெம்பும் இல்லை. நான்கு மணிக்குள் மூன்று டொமைன்களையும் ஏற்றி, பெட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்து, பட்டியலில் ஒரே ஒரு பெயரை, சின்னண்ணனின் புது முகவரியோடு, எழுதினாள்.

ஐந்தரைக்குப் பெரியண்ணன் கூப்பிட்டார். “அவன் பழைய அட்ரஸுக்கு நானே ஒண்ணு போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்துடுச்சு.”

“நீங்கதானே திருப்பச் சொன்னீங்க.”

“சொன்னேன். கூட என்னமோ ஒரு வரி வருதே?”

“திருப்புனா காரணம் சொல்லணும்ல.”

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடி நின்றது. டொமைன் அவருடையது. எடு என்றால் எடுக்க வேண்டியதுதான். கோப்பைத் திறந்து, அந்த வரியின் மேல் விரலைத் தயாராக வைத்திருந்தாள்.

“அந்தப் புது அட்ரஸ் சரிதானா?”

“சரிதான். நாலு மணிக்கே நான் அனுப்பிப் பார்த்தேன், போகுது.”

“ம்.” வைத்துவிட்டார்.

கோப்பை மூடினாள். பழைய சர்வரை நிறுத்திவிட்டு, அதன் விசிறி சுற்றி ஓயும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.