இன்னும் ஒரு சின்ன வேலை

"அந்த மௌஸைத் தொடாதீங்க பெரியப்பா, நான் உள்ள இருக்கேன்!" என்று அவள் போனில் கத்தினாள்.

உள்ளே என்றால், கடல் தாண்டி இருந்த அப்பாவின் கணினிக்குள்ளே. காலையில் அப்பா போய்விட்டார். விமானத்தில் இடம் நாளைக்குத்தான். அவரை எடுத்துப்போகும் வண்டியோ இன்று நான்கு மணிக்கே வந்துவிடும். வீட்டுக்குப் போக அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி இந்த லேப்டாப். அதில் அப்பாவின் லினக்ஸ் டெஸ்க்டாப் விரிந்திருந்தது. இங்கே விரலை அசைத்தால் அங்கே அம்பு நகரும்.

அப்பாவின் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். படம் அந்தக் கணினியில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைகளெல்லாம் பூட்டு. வீட்டுப் பிரிண்டரும் ஓடவில்லை.

"கோட்டு போட்ட படமா எடும்மா. கீழ 'மின்தூக்கித் துறைப் பொறியாளர்'னு பெருசா போட்டுடு" என்றார் பெரியப்பா. குடும்பத்தில் யார் செத்தாலும் பதவி உயர்வு கொடுப்பது அவர் பொறுப்பு.

"அவர் லிப்ட் மெக்கானிக், பெரியப்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன், கொஞ்சம் மரியாதையா."

"அந்தக் கோட்டு ஸ்டூடியோக்காரனோடது" என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல். "அவர் சிரிக்கிற படத்தை எடுடி. பிரிண்டர் ஓடலைன்னு போன வாரமே உன்கிட்ட சொன்னாரே?"

சொன்னார். "எதையாவது தொட்டிருப்பீங்க. இப்ப நேரமில்லப்பா, அடுத்த ஞாயிறு பார்க்கிறேன்" என்றிருந்தாள். "நான் ஒண்ணுமே தொடலைம்மா" என்றார் அவர், வழக்கம்போல.

ஞாயிறு தவறாமல் அங்கே ஏதாவது ஒன்று கெடும். ஒரு வாரம் சத்தம் வராது. ஒரு வாரம் எழுத்தெல்லாம் எறும்பாகச் சிறுத்துவிடும். உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிடுவாள். "அவ்வளவுதானா? வேற எதுவும் பார்க்க வேண்டாமா?" என்பார். "முடிஞ்சுதுப்பா, வைக்கிறேன்."

கட்டளைகள் கொடுக்கும் கருப்புத் திரையைத் திறந்து, மேலே போகும் விசையைத் தட்டினாள். கடைசியாக அங்கே அடித்த கட்டளை வந்து நின்றது. பிரிண்டரை நிறுத்தச் சொல்லும் கட்டளை.

அவள் அடித்ததில்லை.

மேலும் மேலும் தட்டினாள். சத்தத்தை அணைக்க அவர் கொடுத்தது ஒன்று. அதைத் திரும்பக் கொண்டுவர அவள் கொடுத்தது ஒன்று. எழுத்தைச் சிறிதாக்க அவர், பெரிதாக்க அவள். ஓரிடத்தில் மூன்று முறை தப்பாக அடித்து, நான்காவது முறை சரியாக அடித்திருந்தார். பேச்சும் பதிலுமாக வரிசை மேலே போய்க்கொண்டே இருந்தது. வாழ்நாளெல்லாம் நின்றுபோன லிப்டுகளை ஓட வைத்த மனுஷன்.

கடைசி ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

அந்தப் பதிலை அடித்தாள். இரண்டு எழுத்து தப்பியது, அழித்துவிட்டு அடித்தாள். சிரிக்கிற படத்தை அச்சுக்கு அனுப்பினாள். போனில் பிரிண்டர் முனகுவது கேட்டது.

"வருதுடி" என்றாள் அம்மா. "நெத்தி வந்துடுச்சு... கண்ணு... சிரிக்கிறாரு."

"கீழ ஒண்ணுமே போடலையே?" என்றார் பெரியப்பா.

"முடிஞ்சுதுல்ல, நீ வச்சிடு" என்றாள் அம்மா.

"இன்னும் ஒரு சின்ன வேலை இருக்கும்மா. கம்ப்யூட்டரை அணைச்சிடாதீங்க."

போனை வைத்தாள். வேலை எதுவும் இல்லை. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அந்தத் திரை மங்கத் தொடங்கும். மங்கும்போதெல்லாம் அவள் விரலை லேசாக அசைத்தாள். நான்கு மணி தாண்டிய பிறகும்.